ஒரு மாத்திரையும் இல்லாமல்

ஈந்தவிளை,
2 ஜூலை 2025

அன்புள்ள அஜிஷா,

இதை எழுதுவதற்கே முதலில் என்னை மன்னித்துக்கொள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று நீ சிரிப்பாய். தபால் நிலையத்தில் வேலை பார்க்கிற எனக்கே, உறையின் மேல் உன் கோயம்புத்தூர் விலாசத்தை எழுதும்போது வேறு யாருக்கோ எழுதிக் கொடுப்பது போல இருந்தது.

ஃபோனில் பேச வழியில்லை. ஏப்ரலில் எங்கள் சபைப் பெண்கள் ஃபோன் உபவாசம் எடுத்தார்கள். என் ஃபோனும் அலமாரிக்குள் போனது. உபவாசம் முடிந்தும் அது வெளியே வரவில்லை. இப்போது வீட்டுக்கெல்லாம் சேர்த்து ஒரு பட்டன் ஃபோன், அடுக்களை ஜன்னலில் இருக்கிறது. அங்கே நின்று பேசினால் அம்மாவும் சேர்ந்து பேசுவது போலத்தான். அலுவலக ஃபோனில் சொந்தப் பேச்சு கூடாது. கடிதமானால் நேராக என் மேஜைக்கு வரும். தபால் பையை அவிழ்ப்பது நான்தான்.

மார்ச்சில் நீ கேட்டாய்: "மாத்திரையும் குடிச்சுக்கிட்டு, மாத்திரை இல்லாம சுகமாச்சுன்னு கோயில்ல சொல்ல ஒனக்கு எப்படிட்டி வாய் வந்துது?" நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். பிறகு நீயும் கூப்பிடவில்லை. அந்தப் பதிலை இப்போது எழுதுகிறேன்.

ஜனவரியில் என்னை நாகர்கோவில் டாக்டரம்மாவிடம் கூட்டிப் போனது நீ. மனச்சோர்வு நோய் என்று சொல்லி மாத்திரை தந்தார்கள். வீட்டுக்கு வந்து அந்தச் சொல்லைச் சொன்னபோது அம்மாவுக்கு 'சோர்வு' மட்டும்தான் கேட்டது. "சோர்வுக்கா நாகர்கோயில் வரைக்கும் போனிய? ஆட்டுக்கால் வாங்கி சூப்பு வச்சா போராதா?" என்றாள். வைத்தாள். குடித்தேன். அதே வாரம் உபவாச ஜெபத்துக்கும் அழைத்தாள். அதற்கும் போனேன். யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது, நீ அறிந்ததுதான். மாத்திரையையும் விடாமல் குடித்தேன்.

பிப்ரவரி கடைசியில் ஒரு காலை, பல் தேய்த்துக்கொண்டு நின்றபோது பக்கத்து வீட்டில் மீன் பொரிக்கிற மணம் வந்தது. எனக்குப் பசித்தது. பசி என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. அன்று இரண்டாவது தோசை கேட்டேன். அம்மா சட்டியின் முன்னால் நின்றபடியே அழுதாள்.

அடுத்த ஞாயிறு அவள் ஸ்தோத்திர காணிக்கை வைத்தாள். போதகர் வாசித்தார்: "ஞானபாய், மகளுக்குக் கிடைத்த சுகத்துக்காக." ஆலயத்தில் அம்மாவின் பேரை வாசித்து நான் கேட்டதே இல்லை. அண்டி ஆபீசில் முந்திரி உடைத்துக் கறுத்துப்போன விரல்களை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருக்கிறவள் அவள். அன்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். போதகர் என்னைப் பார்த்து, "ரெண்டு வார்த்தை சாட்சி சொல்லு மோளே" என்றார். அதற்குள் மைக் கைக்கு வந்துவிட்டது.

என் சொற்கள் ஒன்றும் வரவில்லை. சிறுவயது முதல் கேட்ட சாட்சிகள்தான் வந்தன. உங்கள் கத்தோலிக்கக் கோயிலில் இந்த வழக்கம் இல்லாததால் உனக்குத் தெரியாது. எங்கள் சாட்சிகள் எல்லாம் ஒரே இடத்தில் போய் முடியும்: ஒரு மருந்தும் ஒரு மாத்திரையும் இல்லாமல் கர்த்தர் எனக்குப் பூரண சுகம் தந்தார். முதல் பாதியைத் தொடங்கினால் மறுபாதி வாய்ப்பாடு போலத் தானாக வரும். வந்துவிட்டது. சபை முழுவதும் அல்லேலூயா என்றது. காலையில் விழுங்கிய மாத்திரை அப்போதும் தொண்டையில் நிற்பது போல இருந்தது எனக்கு.

மறுநாள் அதை எடுத்தேன், குடிக்க முடியவில்லை. நிறுத்து என்று யாரும் சொல்லவில்லை. போதகரும் சொல்லவில்லை. குடித்தால் நான் சொன்னது பொய். குடிக்காவிட்டால் நாளாக நாளாக உண்மையாகிவிடும் என்று நினைத்தேன்.

நான் சுகமாகத்தான் இருக்கிறேன். பதில் எழுத வேண்டும் என்று இல்லை.

சுபிதா

*

கோயம்புத்தூர்,
7 ஜூலை 2025

ஏட்டி சுபிதா,

'சுகமாகத்தான் இருக்கிறேன்' என்ற வரியை ஒருமுறை எழுதி, அடித்து, மறுபடியும் அதையே எழுதியிருக்கிறாய். உனக்குப் பொய் சொல்லத் தெரியாது. மைக்கைக் கொடுத்தால் மட்டும் சொல்லுவாய் போல.

கோபம் இன்னும் போகவில்லை, மறைக்க மாட்டேன். உன் சாட்சி எனக்கு உன் வாயிலிருந்து வரவில்லை. கருங்கல் சந்தையில் மீன் விற்கப் போன எங்கள் அம்மா கேட்டு வந்து சொன்னாள்: "ஒனக்க கூட்டுக்காரிக்கு மாத்திர இல்லாமலே சொகமாச்சாமே, பின்ன நம்ம ஜெனோவுக்கு மட்டும் எதுக்குட்டி அது?" எங்கள் அண்ணன் ஜெனோவை உனக்குத் தெரியும். கடலுக்குப் போகிறவன், கட்டிலில் சுவரைப் பார்த்துக் கிடந்தான். அம்மா அவனைக் கூட்டிப் போகாத திருத்தலம் இல்லை, கட்டாத நேர்ச்சை இல்லை. அவனை மருந்துக்குக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அம்மா அப்படிக் கேட்டதும் உன் பேரில் வெறி வந்தது. அதுதான் அந்த ஃபோன்.

இனி நர்ஸாக எழுதுகிறேன், கேள். பசி வந்தது மாத்திரை வேலை செய்ததால். அது வேலை செய்ய நான்கு வாரமோ ஆறு வாரமோ ஆகும். உனக்கும் அப்படித்தான் ஆனது. நன்றாகிவிட்டது என்று தோன்றும்போது நிறுத்தக் கூடாது. அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் தொடர வேண்டும். நிறுத்தும்போதும் டாக்டர் சொல்லி, கொஞ்சம் கொஞ்சமாக. நீ திடீரென்று விட்டிருக்கிறாய். இது திரும்பி வந்தால் அது உன் விசுவாசக் குறைவும் இல்லை, பொய் சொன்னதற்குத் தண்டனையும் இல்லை. நோய், அவ்வளவுதான்.

எங்கள் மனநல வார்டுக்கு வருகிறவர்களிடம் முதலில் ஒன்பது கேள்வி கேட்போம். கடந்த இரண்டு வாரத்தில் எப்படி என்று சொல்ல வேண்டும். எதிலும் ஆசை இல்லாமல் போகிறதா. மனம் தாழ்ந்து கிடக்கிறதா. தூக்கம் எப்படி. உடம்பில் வலு இருக்கிறதா. சாப்பாடு எப்படி. நான் ஒன்றுக்கும் ஆகாதவள், எல்லாரையும் கெடுத்துவிட்டேன் என்று தோன்றுகிறதா. ஒன்றில் கவனம் நிற்கிறதா. பேச்சும் நடையும் மெதுவாகிவிட்டதா, அல்லது இருப்புக் கொள்ளாமல் அலைகிறாயா. ஒன்பதாவது, செத்துப்போனால் நன்றாக இருக்கும் என்றோ, உன்னை நீயே ஏதாவது செய்துகொள்ளலாம் என்றோ தோன்றுகிறதா.

இதை முன்பின் தெரியாதவர்களிடம் தினமும் கேட்கிறேன். உனக்கு எழுதும்போது பேனாவை வைத்துவிட்டுப் போய் ஒரு காபி குடித்து வந்தேன்.

மதிப்பெண் போட வேண்டாம், அது டாக்டருடைய வேலை. உனக்குத் தெரிந்த மாதிரி எழுது. பதில் எழுத வேண்டும் என்று இருக்கிறது.

அஜிஷா

*

ஈந்தவிளை,
11 ஜூலை 2025

அன்புள்ள அஜிஷா,

தெரிந்த மாதிரி எழுதுகிறேன். பையில் உன் கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷம் வர வேண்டும் என்று தோன்றியது. சந்தோஷம் வரவில்லை, வர வேண்டும் என்ற எண்ணம் மட்டும் வந்தது. முதல் கேள்விக்கு அதுதான் பதில் என்று நினைக்கிறேன். விலாசங்களைப் படிப்பது எனக்குப் பிடித்த வேலை. யார் மகன் எந்த ஊரில் இருக்கிறான், யாருக்கு எந்தக் கோர்ட்டிலிருந்து வந்திருக்கிறது என்று உறையைப் பார்த்தே கதை கட்டுவேன். இப்போது எல்லாக் கையெழுத்தும் ஒன்றுபோல இருக்கிறது. ஒரு விலாசத்தைப் படித்து முடிக்கும்போது தொடக்கம் மறந்துவிடுகிறது. முத்திரையில் தேதி மாற்ற மறந்து நேற்றைய தேதியையே குத்திவிட்டேன். பென்ஷன் வாங்குகிற சிலுவைதாசன் சார் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்னத்த பிள்ளே, சினிமால காட்டுத மாதிரி மெல்ல மெல்லக் குத்துத?" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டுக்கு நடந்து வரும் வழியில்தான் அழுகை வந்தது.

தூக்கம் வருகிறது, நிற்பதில்லை. அப்பா ரப்பர் வெட்டப் போக எழும்புவதற்கு முன்பே விழித்துவிடுகிறேன். பிறகு விடிந்துவிடுமே என்று பயந்துகொண்டு கிடப்பேன். சாப்பாடு, அம்மா கிழங்கும் மீன்கறியும் முன்னால் வைத்துவிட்டு என் வாயைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் பார்ப்பதற்காகத் தின்கிறேன். மண்ணைத் தின்றாலும் அதே ருசியாகத்தான் இருக்கும்.

உன் கேள்விகளில் இல்லாத ஒன்று இருக்கிறது. ஜனவரியில் எனக்குப் படுத்துக் கிடக்க இடமாவது இருந்தது. நோயாளி என்று விட்டுவிட்டார்கள். இப்போது நான் சுகமானவள். சுகமானவள் ஞாயிறு காலையில் முதலில் குளித்து உடுத்து ஒருங்கியாக வேண்டும். பாட்டில் குரல் கேட்க வேண்டும். அம்மா இப்போது பெண்கள் பக்கம் இரண்டாவது வரிசையில் இருக்கிறாள் அஜிஷா. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் அவளை ஜெபிக்கச் சொல்கிறார்கள். முதல் தடவை ஜெபித்துவிட்டு வந்து, "எனக்க சத்தம் எனக்கே கேட்டுதுடீ" என்றாள். கறுத்த விரல்களை இப்போது மறைப்பதில்லை. என் முகம் கொஞ்சம் வாடினால் அவள் உடனே சுற்றிப் பார்க்கிறாள், வேறு யாராவது கண்டார்களா என்று. எனக்காகத்தான் பயப்படுகிறாள். ஆனால் எனக்காக மட்டும் இல்லை.

என்னால் திரும்ப நோயாளியாக முடியாது. அதற்கு வழி வைக்காமல் பேசிவிட்டேன்.

ஒன்பதாவதுக்கு வந்தபோது பை கட்டுகிற நேரமாகிவிட்டது.

சுபிதா

*

கோயம்புத்தூர்,
15 ஜூலை 2025

சுபி,

நேற்றே ஃபோன் செய்துவிட்டேன், ஆனாலும் எழுதுகிறேன். கையில் வைத்துப் படிக்க உனக்கு ஏதாவது வேண்டும்.

முதலில் எடுத்தது உன் அம்மா. "ஆரு, அஜிஷாவா? சொகந்தானா மக்களே? எனக்க பிள்ள இப்பம் நல்லா இருக்கா, கேட்டியா. எல்லாம் கர்த்தர் செய்தாரு." பிறகு நீ வந்தாய். பின்னால் தேங்காய் துருவுகிற சத்தம். நான் சொன்னேன்: "நான் கேக்குததுக்கு மழையைச் சொல்லிப் பதில் சொல்லு. சாவணும்னு தோணுதுன்னா மழை பெய்யுதுன்னு சொல்லு." பிறகு சொன்னாய்: "இஞ்ச விட்டு விட்டுப் பெய்யுது." எப்படி என்று யோசித்தாயா, ஏதாவது எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். "இல்ல. அவ்வளவு பெய்யல்ல. காலைல எழும்பாம இருந்தா கொள்ளாம்னு ஒரு தூறல்." அதற்குள் உன் அம்மாவின் குரல்: "வெயிலு கொளுத்துது, மழையாம்! இந்தப் பிள்ள எந்த ஊருல நிக்கா?"

நான் சிரித்தேன். வைத்துவிட்டு ஹாஸ்டல் படிக்கட்டில் போய் உட்கார்ந்துவிட்டேன்.

தூறலும் மழைதான். எங்கள் வார்டில் தூறல் என்று சொன்னவர்களை நாங்கள் வீட்டுக்கு அனுப்புவதில்லை, டாக்டர் பார்த்த பிறகுதான். இந்த வாரமே நீ நாகர்கோவில் போக வேண்டும். தனியாகப் போகாதே. வீட்டில் ஒருவருக்கு உண்மை தெரிய வேண்டும். அம்மாவிடம் முடியாவிட்டால் அப்பாவிடம் சொல். மாத்திரை அவர் கையில் இருக்கட்டும், அன்றன்றைக்கு உள்ளதை அவர் தரட்டும். மழை பலத்தால் எனக்குக் கூப்பிடு, நான் ட்யூட்டியில் இருந்தால் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அதற்கு அலுவலக ஃபோன் என்றாலும் பரவாயில்லை, யார் கேட்டாலும் பரவாயில்லை.

நான் தினமும் சாயங்காலம் உன் அம்மாவிடம் வானிலை விசாரிப்பேன். கோயம்புத்தூரில் வேலை பார்த்து இந்தப் பெண்ணுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளட்டும்.

அஜிஷா

*

ஈந்தவிளை,
24 ஜூலை 2025

அன்புள்ள அஜிஷா,

அப்பாவிடம் சொன்னேன். மழைக்கு ரப்பர் வெட்டில்லாததால் வீட்டுக்குப் பின்னால் இருந்து பால் பிடிக்கிற சிரட்டைகளைக் கழுவி அடுக்கிக்கொண்டிருந்தார். "அப்பா, எனக்குத் திரும்பத் தொடங்கியிருக்கு" என்றேன். அவர் நிமிரவில்லை.

"தெரியும் மோளே. நீ கோயில்ல சொல்லும்பமே எனக்குத் தெரியும். அண்ணைக்குக் காலைல மாத்திரைக்கு வெள்ளம் கோரித் தந்தது நான்தான."

"பின்ன ஏன் ஒண்ணும் சொல்லல்ல?"

"ஒங்கம்மைக்க மொகத்தப் பாத்தேன்" என்றார். கடைசிச் சிரட்டையை ரொம்ப நேரம் கழுவினார்.

மறுநாள் வடசேரிச் சந்தையில் ஒரு சோலி என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு இருவரும் பஸ் ஏறினோம். டாக்டரம்மாவிடம் சாட்சி விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பார்கள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. உன் ஒன்பது கேள்வியையும் கேட்டார்கள். ஒன்பதாவதில் அவசரப்படாமல் நின்று, திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். பிறகு உன் கடிதத்தில் இல்லாததையும் கேட்டார்கள்: தூங்காமலே உற்சாகமாக ஓடியாடித் திரிந்த காலம் எப்போதாவது உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது இப்படி இருந்ததா. அப்பா மெதுவாக, "எனக்க தங்கச்சி" என்றார். அத்தை நான் பிறக்குமுன்பே இறந்தவள். அவளைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை. டாக்டரம்மா எழுதிக்கொண்டு அப்பாவின் கையைத் தொட்டார்கள். தைராய்டுக்கு ரத்தம் எடுத்தார்கள். மாத்திரையைக் குறைந்த அளவில் திரும்பத் தொடங்கியிருக்கிறார்கள். "ஜெபம் பண்ணுங்க, மாத்திரையும் போடுங்க. ரெண்டுக்கும் சண்டை இல்லையே" என்றார்கள். தினமும் ஒரு சின்ன வேலை, பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், குறித்த நேரத்தில் செய்யச் சொன்னார்கள். மாலையில் குளம் வரை நடக்கிறேன். குளம் இருக்கிறது. அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

மாத்திரை அட்டை அப்பாவின் சட்டைப் பையில். அம்மா குளிக்கப் போகும்போது கள்ளக்கடத்தல் போல எனக்கு வருகிறது.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் சனிக்கிழமை வீட்டுக்கு ஆள் வந்தது. அம்மாவின் சங்கத்துப் பெண் ஒருத்தி மார்த்தாண்டத்திலிருந்து கிரேசி அக்கா என்பவளைக் கூட்டி வந்தாள். கூடவே அவள் மகள் ஜெஸ்பின், காலேஜ் இரண்டாம் வருஷம். நான் சாயா போட அடுக்களையில் நின்றேன். எல்லாம் கேட்டது.

"ஒங்க மகளுக்க சாட்சியப் பற்றிச் சொன்னாவ. இவளுக்கும் அதே சோக்கேடுதான். டாக்டர் தந்ததக் குடிச்சுக்கிட்டுதான் இருந்தா. கேட்டபெறவு நானும் விசுவாசத்துல நிறுத்திட்டேன். அந்தப் பிள்ளைக்குச் செய்தவரு எனக்க பிள்ளைக்குச் செய்யமாட்டாரா?"

அம்மா சொன்னாள்: "செய்வாரு. எனக்க மகளப் பாருங்க. சுபிதா, இஞ்ச வா மக்களே."

போனேன். சாயாவோடு சிரிப்பையும் கொண்டு போனேன். ஜெஸ்பின் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், குடிக்கவில்லை. ஆடை படிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். எனக்கு அந்தப் பார்வை தெரியும். சாயாவைப் பார்ப்பது இல்லை அது. அதைத் தூக்கி வாயில் வைக்க எவ்வளவு வேலை இருக்கிறது என்று பார்ப்பது. புறப்படும்போது ஏதோ கடமை போல என்னிடம் கேட்டாள்: "ஒங்களுக்கு எத்தற நாள்ல சரியாச்சு, அக்கா?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "ஜெபிச்சுக்கிறேன்" என்றேன்.

சுபிதா

*

கோயம்புத்தூர்,
29 ஜூலை 2025

சுபி,

இரண்டு தடவை படித்தேன். நீ டாக்டரிடம் போனதற்கு உன்னைக் கட்டிப்பிடிக்க வேண்டும். அந்த 'ஜெபிச்சுக்கிறேன்' என்பதற்கு ஒரு குத்து விட வேண்டும். எதை முதலில் செய்வது என்று தெரியவில்லை.

ஜெஸ்பின் மாத்திரையை விட்டது உன்னால் என்று நீ இப்போது உன்னையே அரித்துத் தின்றுகொண்டிருப்பாய். அதுவும் நோயின் வேலைதான், அதனிடம் கணக்குக் கொடுக்காதே. ஆனால் அந்தப் பெண்ணுக்கு உண்மை தெரிய வேண்டும், அதுவும் சீக்கிரம். கிரேசி அக்காவைத் தனியாகப் போய்ப் பார். உன் மாத்திரையைக் காட்டு. போதும். ஆலயத்தில் எழுந்து நிற்கிற எண்ணம் ஏதாவது இருந்தால் இப்போது வேண்டாம். நீயே இன்னும் தேறவில்லை. சபை முழுவதும் உன்னைப் பார்த்தால் நீ தாங்குவாயா? கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க வேண்டும், மருந்து மாதிரி.

இன்னொன்று. மார்ச்சில் உன்னைப் பொய்சாட்சிக்காரி என்று சொன்னேன். பத்துக் கட்டளையில் உள்ள சொல் அது. அதை உன்னிடம் சொல்லியிருக்கக் கூடாது. என் அம்மாவின் மேல் உள்ள கோபத்தை உன் மேல் எறிந்தேன். ஜெனோ நேற்று வலை கட்ட உட்கார்ந்தானாம், அம்மாவே கூப்பிட்டுச் சொன்னாள். மாத்திரையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் நேரத்துக்கு எடுத்துக் கொடுக்கிறாள் என்று தெரிகிறது.

அஜிஷா

*

ஈந்தவிளை,
4 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அஜிஷா,

நீ சொன்னபடி போனேன். கிரேசி அக்காவின் வீடு மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால். அப்பா ரோட்டில் நின்றார். நான் என் மாத்திரை அட்டையை மேஜையில் வைத்து, "இதக் குடிச்சிட்டுத்தான் எனக்குச் சரியாச்சு. விட்டபெறவு திரும்ப வந்துட்டு. இப்பமும் குடிக்கேன்" என்றேன். இவ்வளவையும் பஸ்ஸில் மனப்பாடம் செய்து கொண்டு போயிருந்தேன்.

கிரேசி அக்கா அட்டையைத் தொடவில்லை. "அப்ப கோயில்ல சொன்னது?"

"தெரியாம வாயில வந்திட்டு அக்கா."

"தெரியாம வந்ததா?" அவளுக்குக் கோபம் இல்லை, குழப்பம்தான். "பிள்ளே, நீ சொன்னது கர்த்தருக்க சந்நிதியில, மைக்குல. இஞ்ச வந்து குசுகுசுன்னு சொல்லுத. நான் எத நம்ப? கோயில்ல சொன்னதக் கோயில்ல வச்சுத்தான் மாத்தணும். அங்க சொல்லு, நான் அண்ணைக்கே இவளக் கொண்டுபோறேன்."

ஜெஸ்பின் உள்ளறையில் கிடந்தாள். கதவு திறந்திருந்தது. எழும்பி வரவில்லை. கால் மட்டும் தெரிந்தது.

கிரேசி அக்கா சொன்னது சரிதான் அஜிஷா. திரும்பி வரும் வழியெல்லாம் அதில் ஒரு தப்புக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், கிடைக்கவில்லை. நான் மைக்கில் சொன்னதை எத்தனை வீட்டுக்குப் போய் ரகசியமாகத் திருத்த முடியும்? மார்த்தாண்டத்துக்கே போன சொல் வேறு எங்கெல்லாம் போயிருக்கும்? உங்கள் அம்மாவின் மீன்கூடை வரைக்கும் வந்திருக்கிறதே.

நேற்று ஆராதனை முடிந்ததும் போதகரிடம் சொன்னேன். அவர் நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கடைசியில், "மாத்திரை குடிக்காதேன்னு நான் ஒருநாளும் சொல்லல்லியே மோளே" என்றார். ஆமாம் என்றேன். "சொல்லிருக்கவும் செய்யலாம், குடிண்ணு" என்று அவரே சொன்னார். வருகிற பத்தாம் தேதி, ஞாயிறு, எனக்கு நேரம் தருகிறார். ஒரே நிபந்தனை, முதலில் அம்மாவுக்குத் தெரிய வேண்டும்.

சொல்லிவிட்டேன், சாயங்காலம், அப்பா பக்கத்தில் இருக்க. அம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொன்னேன், ஜனவரி, பிப்ரவரி, அந்த வார்த்தை, நிறுத்தியது, திரும்ப வந்தது, அப்பாவின் சட்டைப் பை, ஜெஸ்பின். மழை பெய்கிறது என்று நான் ஃபோனில் சொன்னதன் அர்த்தத்தையும் சொன்னேன். அதற்குத்தான் கை நின்றது. சட்டியில் தண்ணீர் நிரம்பி வழிந்தது. நான் குழாயை அடைத்தேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். "எனக்க பிள்ள சாவணும்னு சொன்னத நான் வெயிலுன்னு சொல்லிட்டனே" என்றாள். பிறகு என் தலையை ஈரக்கையால் தடவினாள். என் தலைமுடியில் இப்போதும் மீன் மணக்கிறது.

ஆனால் சோறு விளம்பும்போது, யாரையும் பார்க்காமல், ஒன்று கேட்டாள்: "நீ சொல்லு. சொல்லத்தான் வேணும். அந்தப் பிள்ளையும் ஒரு தாய்க்க பிள்ளதான. ஆனா அண்ணைக்கு நான் எஞ்ச இருப்பேன் மக்களே?"

இரண்டாவது வரிசை என் சாட்சியால் அவளுக்குக் கிடைத்தது. நான் மைக்கைக் கையில் எடுக்கிற நேரத்தில் அவள் அங்கே இருந்தால் எல்லாரும் அவள் பிடரியைப் பார்ப்பார்கள். கடைசி வரிசைக்குப் போனால் அவளாகவே ஒத்துக்கொண்டது போல ஆகும். அவள் போய்விடுவாள் அஜிஷா, எனக்கு அவளைத் தெரியும். ஞாயிறு காலை ஒன்றும் சொல்லாமல் பின்னால் போய் இருந்துவிடுவாள், கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு. பிறகு அவளை அங்கிருந்து எழுப்ப என்னால் முடியாது.

எனக்கு இன்னும் நன்றாகவில்லை. மாத்திரை தொடங்கிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. காலையில் விடிவது இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. இன்று காலை டாக்டரம்மாவிடம் ஃபோனில் ஞாயிறு விஷயத்தைச் சொன்னேன். எழுதி வைத்துப் படியுங்கள், சுருக்கமாக, முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். எழுதி வைத்திருக்கிறேன். மொத்தம் எட்டு வரி. அல்லேலூயா வருகிற இடம் எதுவும் அதில் இல்லை. படிக்கும்போது நான் நடுங்குவேன். அது பரவாயில்லை, எனக்குப் பிடித்துக்கொள்ள மைக் இருக்கும்.

முதல் கடிதத்திலேயே உன்னிடம் ஏதோ கேட்க வேண்டும் என்றுதான் பேனாவை எடுத்தேன். என்னவென்று அப்போது எனக்கே தெரியவில்லை, பதில் எழுத வேண்டாம் என்று எழுதிவிட்டேன். இப்போது தெரிகிறது. கேட்கக் கூச்சமாக இருக்கிறது. உனக்கு லீவு கிடைப்பது கஷ்டம், உன் பூசையும் அன்று விட்டுப்போகும், எங்கள் ஆலயத்தில் உனக்கு எப்போது எழும்ப வேண்டும், எப்போது இருக்க வேண்டும் என்றுகூடத் தெரியாது. அப்பா ஆண்கள் பக்கம் இருப்பார், அவரால் முடியாது. நான் முன்னால் நிற்பேன்.

ஞாயிறு காலை நீ வருவாயா? எனக்காக இல்லை. அம்மாவின் கையைப் பிடித்து இரண்டாவது வரிசைக்குக் கூட்டிப் போய், நான் படித்து முடிக்கும் வரைக்கும் அவள் பக்கத்தில் இருப்பாயா?

சுபிதா